சிதறால் மலைக்கோயில்: முதலில் பாறை, பிறகு சன்னதி

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் இருப்பது, பகவதி கோயிலாக மாறிய பழைய சமணத் தலம். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தால் காத்திருந்து திரும்பும் வாடகையையும் சேர்த்தே பேசிவிடுங்கள். மேலே போகும் பாதையில் கல் பாவியிருக்கிறது. முதியவர்களும் நின்று நிதானமாக ஏறிவிடலாம். ஆனால் இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் தவறாத ஊர் இது. ஈரக்கல்லில் தேய்ந்த செருப்பு வழுக்கும்.

உச்சியில் பாறை இடுக்கில் நுழைந்து படியிறங்கினால் குகை. பலரும் நேரே பகவதியைக் கும்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 13-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய கோயில் மட்டும்தான் கண்ணில் படும். அதற்கு 400 ஆண்டு மூத்த சமணத் தலம் வெளிப்பாறையில் இருக்கிறது.

அங்கே வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்புப் படம் விரிந்திருந்தால் பார்சுவநாதர், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் (அருகர்களில்) ஒருவர். முக்குடையின் (மூன்றடுக்குக் குடை) கீழ் அமர்ந்திருப்பவர்கள் மற்றத் தீர்த்தங்கரர்கள். சிங்கமும் இரு பிள்ளைகளும் உடனிருந்தால் அம்பிகா இயக்கி, அதாவது தீர்த்தங்கரரின் காவல் தெய்வம். இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனால்தான், பார்சுவநாதரின் இயக்கியான பத்மாவதி இருந்த இடத்தில் பகவதி வந்தது விளங்கும். மண்டபமும் மடைப்பள்ளியும் குகையை ஒட்டிப் பிற்பாடு கட்டியவை.

கல்வெட்டுகள் பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில். இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மரபு மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அரட்டநேமி படாரர் என்ற சமண ஆசிரியரின் மாணவி குணந்தாங்கிக் குரத்திகள் (குரத்தி என்றால் சமணப் பெண் துறவி) பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. பெண் துறவி ஒருவரின் பெயரே கல்லில் நிற்கிறது. மலையேற அது ஒன்றே போதும். நடுப்பகல் வெயிலில் எழுத்து தெரியாது. காலையில் வாருங்கள், அல்லது டார்ச்சைப் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், நிழல் விழுந்து வரிகள் எழும்பும். சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்காதீர்கள். துகள் பள்ளத்தில் தங்கிவிடும், தேய்த்துக் கழுவினால் பாறை பொரியும்.

குறை என்றால் விளக்கம்தான். எந்தச் சிற்பம் யார், எந்தக் கட்டுமானம் எந்தக் காலம் என்று சிற்பத்தின் அருகிலேயே சொல்லும் ஏற்பாடு போதாது. முன்கூட்டியே படித்துவிட்டு வருவது உத்தமம். குடிதண்ணீரும் கையோடு வேண்டும்.

நேரமிருந்தால் நாகர்கோவில் நாகராஜா கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கும் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டிலும் அங்கே சமணப் பண்டிதர்களுக்கு நிலக்கொடை போயிருக்கிறது. அந்தக் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், சிதறாலைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.