மறந்த குறிப்பை எடுத்துத் தரும் மென்பொருள்: எட்டு மாத அனுபவம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களை, அதாவது வீழ்ந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்களை, பன்னிரண்டு ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். களத்தில் எழுதிய ஏறத்தாழ 1,400 குறிப்புகள் ஆப்சிடியன் செயலியில் உள்ளன. தேடுபெட்டி இருந்தாலும், எழுதியதையே மறந்துவிட்ட ஒரு குறிப்பைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை. ஆகவே, நாம் தட்டச்சு செய்யும்போதே தொடர்புடைய பழைய குறிப்புகளைப் பக்கவாட்டில் தானாகக் காட்டும் பிளகின் (செயலியோடு சேர்க்கும் துணை நிரல்) ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன் நிறுவினேன். இந்த எண்ணம் பழையது: 1996-இலேயே எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தின் பிராட்லி ரோட்ஸும் தாட் ஸ்டார்னரும் ‘ரிமெம்பரன்ஸ் ஏஜென்ட்’ என்ற நிரலை இதற்காகவே விவரித்திருக்கிறார்கள். அது சொற்களை ஒப்பிட்டது. நான் நிறுவியது பொருளை ஒப்பிடுகிறது.

அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சென்ற மாதம் கண்டேன். அரூர்ப் பக்கத்தில், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்த கல் ஒன்றின் வாசகத்தை ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது, ஊத்தங்கரை அருகே ஒரு பெரியவர் 2016-இல் சொன்ன குறிப்பு பட்டியலின் முதலில் வந்து நின்றது: ‘மாட்டு மந்தையத் திருப்பிக்கிட்டு வந்து செத்தவரு, அவருதான் இந்தச் சாமி.’ இரண்டு வரிகளிலும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் தொறு என்பதே மாட்டு மந்தைதான்; பட்டான் என்றால் இறந்தான். அந்தப் பெரியவர் சொன்ன, எழுத்தில்லாத கல்லில் வீரனின் காலருகே செதுக்கியிருந்த மாடுகளை அன்று நான் அளவெடுக்கவே இல்லை. மறுவாரமே போய் அளந்து வந்தேன்.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. நிறுவியவுடன் கிடைக்கும் மொழி மாதிரி (பொருளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏஐ மாடல்) ஆங்கிலத்துக்கானது என்பதால், ‘பட்டான்’ என்று எழுதினால் நிலப் பட்டா பற்றிய குறிப்புகளும், ‘கல்’ என்றால் கிரானைட் குவாரிக் குறிப்புகளும் வந்து குவிந்தன. பன்மொழி மாதிரிக்கு மாற்றிய பிறகுதான் பயன் தெரிந்தது. அந்த மாற்றம் தேவை என்பதை அமைப்புப் பக்கம் எங்கும் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. 8 ஜிபி நினைவகமுள்ள என் மடிக்கணினியில் எல்லாக் குறிப்புகளையும் அட்டவணைப்படுத்த ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. மிக நீண்ட குறிப்புகளில் இன்னமும் தடுமாறுகிறது. ஒரு கல்லுக்கு ஒரு குறிப்பு என்று பிரித்து எழுதுவதே நல்லது.

நான் தேர்ந்தெடுத்த மாதிரி இணையமின்றிக் கணினியிலேயே இயங்குவதால், சிக்னல் கிடைக்காத மலையூர்களிலும் பயன்படுகிறது. காவலற்ற கற்கள் இருக்கும் இடங்களும் நிலத்துக்காரர்களின் பெயர்களும் என் குறிப்புகளில் இருக்கின்றன. ஆகவே குறிப்புகளை வெளிச்சேவைக்கு அனுப்பும் வசதி அணைந்திருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே நிறுவுமாறு உடன் ஆய்வு செய்யும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.