பெரியகுளத்தில் அம்மாவுக்கு ஒரு மெத்தை

மே மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். பயணம், சித்தி மகள் கல்யாணம், ஆதார் வேலை எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அம்மாவுக்கு ஒரு மெத்தை வாங்கப் போனேனே, அதைத்தான் எழுத வேண்டும். என் விடுமுறையில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது.

அம்மாவுக்கு 71 வயது. ஆயுசு முழுக்கத் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தவர். போன வருடத்திலிருந்து முழங்கால் மடங்க மறுக்கிறது. காலையில் எழும்போது ஒரு கையைச் சுவரில் வைத்து, இன்னொரு கையைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவதை வீடியோ காலில் பார்த்திருக்கிறேன். இனித் தரையில் படுக்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பெரியகுளம் தென்கரையில் உள்ள எங்கள் வீட்டில் தாத்தா செய்துபோட்ட தேக்குக் கட்டில் ஒன்று இருக்கிறது. நாலு அடி அகலம், ஆறேகால் அடி நீளம், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கடைந்த பலகை. நம் வீடுகளில் கட்டிலுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். மடித்த துணி, பழைய சூட்கேஸ், கல்யாணப் பாத்திரம். எல்லாவற்றையும் இறக்கி வைத்துத் துடைத்தேன். ஒரு நல்ல மெத்தை போட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் மெத்தை வாங்கியது நினைவுக்கு வந்தது. கடைக்காரப் பெண்மணி விலையைச் சொல்லும் முன்பே எங்கள் எடையைக் கேட்டார். மல்லாந்து படுப்பீர்களா, ஒருக்களித்தா என்று கேட்டார். ஒவ்வொரு மெத்தையிலும் பத்து நிமிடம் படுக்க வைத்தார். ஜெர்மனியில் கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் படுத்தாலும் பெரும்பாலும் மெத்தை தனித்தனி, போர்வையும் தனித்தனி. கடினத்துக்கு எண் உண்டு. எனக்கு இரண்டு, அவருக்கு மூன்று. முதலில் இது என்ன பிரிவினை என்று தோன்றியது. இரண்டாவது வாரம் இடுப்பு வலி நின்றதும் புரிந்தது.

தேனியில் பெரிய கடை. ஏசி, பளிங்குத் தரை, சுவர் உயரத்துக்கு அடுக்கிய மெத்தைகள். எதைத் தொட்டாலும் அதன் மேல் 'ஆர்த்தோ' என்று எழுதியிருந்தது. கடைப்பையன் கைமுட்டியால் ஒரு குத்துக் குத்தி, "பாருங்கக்கா, கல்லு மாதிரி. முதுகுவலிக்கு இதான்" என்றான். கல் மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்று நம் ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் பாதிப்பேருக்குக் கடினமான மெத்தை, மீதிப்பேருக்கு நடுத்தரக் கடினத்தில் மெத்தை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. இதைச் சொன்னேன். பையன் உடனே "அப்ப இதுக்கு வாங்கக்கா" என்று எட்டு இஞ்ச் ஸ்பிரிங் மெத்தைக்கு அழைத்துப் போனான். மேலே இரண்டு இஞ்ச் மெமரி ஃபோம். விலை 22,500.

படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறையோடு இருந்த மெத்தையைக் காட்டினான். சுற்றிலும் ஆட்கள். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு ஓரமாக உட்கார்ந்து, உள்ளங்கையால் தடவி, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அம்மாவுக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்வார். கட்டிலின் அளவை நானே இரண்டு முறை அளந்து எழுதிக் கொண்டுபோயிருந்தேன். 75-க்கு 48 இஞ்ச். பில்லிலும் அதையே எழுதினார்கள். "நாளைக்குக் காலைல வீட்டுல இருக்கும்."

அந்த நாளை வர ஏழு நாள் ஆனது. மதுரை கோடவுனிலிருந்து வர வேண்டுமாம். போன் செய்யும்போதெல்லாம் "வண்டி உசிலம்பட்டி தாண்டிருச்சு". மறுநாள் கேட்டால் "ஆண்டிபட்டி கணவாய்ல வந்துட்டிருக்கு". மதுரையிலிருந்து தேனி 75 கிலோமீட்டர். அந்த வண்டி நாலு நாளாக உசிலம்பட்டியைத் தாண்டிக்கொண்டே இருந்தது. நானோ எங்கும் நகர முடியாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டுட்கார்ட்டில் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் வருவோம் என்று செய்தி வந்தால் பத்தரைக்கு மணி அடிப்பார்கள். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லுவார்கள். இங்கே இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அம்மா மட்டும் "இலவு காத்த கிளி மாதிரி உக்காந்திருக்காத, போய்ச் சாப்பிடு" என்றார்.

ஏழாம் நாள் இரவு ஒன்பதரைக்கு வந்தது. இரண்டு பையன்கள் வியர்க்க விறுவிறுக்கத் தூக்கி வந்து, அவர்களே பிளாஸ்டிக்கைக் கிழித்து, கட்டிலில் போட்டார்கள். கால்மாட்டுப் பலகையில் இடித்துக்கொண்டு நடுவில் முதுகு போலத் தூக்கி நின்றது. அளந்தேன். 78 இஞ்ச். "படுக்கப் படுக்க அமுங்கிரும்க்கா" என்றான் ஒருவன். மூன்று இஞ்ச் எங்கே அமுங்கும்? இரண்டு பேரும் ஏறி மிதித்து ஒருவழியாக உள்ளே திணித்துவிட்டுப் போனார்கள்.

நீளத்தைவிட உயரம்தான் பெரிய தொல்லை என்பது அம்மா அதில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. தாத்தா காலத்துக் கட்டில் தரையிலிருந்து 21 இஞ்ச். அடியில் நெல் மூட்டை வைக்கிற மாதிரி அந்தக் காலத்தில் உயரமாகச் செய்தார்கள். அதற்கு மேல் எட்டு இஞ்ச். ஐந்தடிக்கும் குறைவான அம்மா 29 இஞ்ச் உயரத்தில் உட்கார்ந்திருந்தார், இரண்டு காலும் தரைக்கு எட்டாமல், குழந்தை மாதிரி. ராத்திரி இரண்டு முறை எழுந்து பாத்ரூம் போகிறவர். ஒரு முக்காலியை ஓரத்தில் போட்டு வைத்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. முக்காலி நகரும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

மெமரி ஃபோம் பற்றியும் சொல்ல வேண்டும். 1960-களில் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் வைப்பதற்கென்று உருவான பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்குப் பள்ளமாகும். குளிரில் இறுகும், வெயிலில் இன்னும் இளகும். ஜெர்மனியில் படுக்கையறையை 18 டிகிரியில் வைத்திருப்போம், அங்கே அது சுகம். மே மாதத்தில், மேற்குச் சுவர் ராத்திரி பதினோரு மணி வரை அனல் கக்கும் கான்கிரீட் அறையில் அதே ஃபோம் பிசைந்த மாவு மாதிரி ஆகிறது. உடம்பு புதைகிறது, புதைந்த இடத்தில் காற்றுப் போக வழியில்லை, முதுகெல்லாம் வியர்வை. முழங்கால் வலி உள்ளவர் அந்தக் குழியிலிருந்து புரண்டு எழுவதே பெரிய வேலை.

மூன்றாம் நாள் விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். 22,500 ரூபாய் மெத்தை காலியாகக் கிடந்தது. அம்மா கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வருத்தப்படுவேன் என்று இரண்டு நாளாகச் சொல்லவில்லை. நான் எழும் முன் பாயைச் சுருட்டி உள்ளே தள்ளிவிடுவாராம். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கடைக்குப் போனேன். பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டால் எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரித்தது உங்கள் ஆட்கள்தானே, அளவும் தப்பாயிற்றே என்று பில்லைக் காட்டினேன். "75-ல அந்த மாடல் வராதுங்க மேடம்." இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் இதே பிளாஸ்டிக் உறைக்காக ஒரு வழக்கு நடந்தது. ஜெர்மனியில் இணையத்தில் மெத்தை வாங்கிய ஒருவர் உறையைப் பிரித்த பின் திருப்பிக் கொடுத்தார். துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்ப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும், திருப்பி வாங்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது இணையத்தில் வாங்கியதற்குத்தான், கடைக்கு நேரில் போய் வாங்கினால் அங்கேயும் இந்த உரிமை கிடையாது. ஆனாலும் தப்பான அளவை யாரும் தலையில் கட்ட மாட்டார்கள். தம்பி சென்னையிலிருந்து 1915-க்குப் புகார் கொடு என்றான். நுகர்வோர் உதவி எண் அது. நான் கிளம்ப எட்டு நாள்தான் இருந்தது. கடைசியில் மாமா மகன் தன் புதுக் கட்டிலுக்கு என்று பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான்.

அம்மாதான் சொன்னார், "வடகரையில மெத்தைக்கடை பாய் இருக்காரே, அவர்கிட்டக் கேட்டா என்ன?"

சின்ன வயதில் தோளில் பெரிய வில்லோடு வருவாரே, பஞ்சு அடிக்கிறவர், அவர் மகன். டொய்ங் டொய்ங் என்று வில் நாண் அதிரும் சத்தம் கேட்டால் நாங்கள் தெருவுக்கு ஓடுவோம். இப்போது கடையில் பஞ்சு அடிக்க மிஷின் இருக்கிறது. சொல்லி அனுப்பிய அன்று சாயங்காலமே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். "வாத்தியார் மகதானம்மா நீ" என்று மட்டும் என்னிடம் கேட்டார். அப்புறம் பேசியதெல்லாம் அம்மாவிடம்தான்.

"எந்தப் பக்கமா எந்திரிப்பீங்க? எந்தக் கையை ஊனுவீங்க? ராத்திரி புரண்டு படுப்பீங்களா?" அம்மாவைக் கட்டில் பலகையில் உட்காரச் சொன்னார். குதிகாலிலிருந்து முட்டி வரை அம்மாவையே சாணால் அளந்து காட்டச் சொன்னார். கட்டில் காலை அதற்கேற்ற மாதிரி அறுத்துவிடலாம், தாத்தா கோபிக்க மாட்டார் என்றார். மெத்தை படிந்தபின் மூணு இஞ்சுக்கு மேல் நிற்கக் கூடாது. எழும் பக்கத்து ஓரத்தில் பஞ்சைக் கெட்டியாகத் திணிக்க வேண்டும், ஊன்றும் கை அமுங்கக் கூடாது. அடியில் பருத்திப் பஞ்சு, மேலே இலவம். இலவம் மட்டும் போட்டால் மெதுமெதுவென்று இருக்கும், ஆனால் இந்த வயசுக்கு அடி கெட்டியாக வேண்டும். இத்தனையும் சொன்ன பிறகுதான் விலை பேசினார்.

22,500 ரூபாய் கடையிலும் ஸ்டுட்கார்ட் கடையிலும் எழும்போது எந்தக் கையை ஊன்றுவீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

பரணில் அப்பாவின் பழைய மெத்தை கிடந்தது. பிரித்ததும் உள்ளே பஞ்சு கட்டி தட்டிப் போயிருந்தது. அந்தப் பருத்தியை அவரே எடுத்துப் போய் அடித்துக் கொண்டுவந்தார். புது இலவம்பஞ்சு போடியிலிருந்து. அது காய் வெடிக்கிற பருவம், மலையடிவாரத் தோப்புகளில் அப்போதுதான் பறித்து முடித்திருந்தார்கள். இலவம் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்த குழாய். தண்ணீர் ஒட்டாது, கனமே இருக்காது, நூலாக நூற்கவும் வராது. அதனால்தான் ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் இதை அடைத்தார்கள். மூச்சு விட்டாலே பறக்கும் என்பதால் மாடியில் வேலை ஆகாது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த வெயிலில் நாலு மணி நேரம் அவரும் அவர் தங்கை மகனும் உட்கார்ந்தார்கள். கோடு போட்ட கெட்டித் துணியில் பஞ்சை அடைத்து, கோணி ஊசியால் குத்தி, வரிசையாக முடிச்சுப் போட்டார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் கையால் அழுத்திப் பார்த்தார். தலையணையையும் பிரித்துப் பாதிப் பஞ்சை எடுத்துவிட்டார். எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். சரியாக 75-க்கு 48.

அறையில் மீதி வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆசாரி வந்து காலை அறுத்தார். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, கிழக்கு ஜன்னல் பக்கம் போட்டோம். ஜன்னலுக்குக் கொசுவலை, கரூர் பருத்தி விரிப்பு இரண்டு, தரையோரம் ஒரு சின்ன விளக்கு, கட்டிலிலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச். மெத்தைக்கு அடியில் அம்மாவின் கோரைப்பாயை விரித்தோம். ஜெர்மனியில் மெத்தைக்குக் கீழே காற்றுப் போக இடைவெளி விட்ட சட்டப்பலகை வைப்பார்கள், இங்கே அந்த வேலையைப் பாய் பார்க்கட்டும்.

ஊருக்குப் போய் அப்பா அம்மாவுக்கு மெத்தை வாங்கப் போகிறவர்களுக்கு: கட்டிலின் நீள அகலத்தோடு உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மெத்தையோடு சேர்த்து உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படுகிறதா என்று பாருங்கள். விடுமுறையின் முதல் நாளே தொடங்கிவிடுங்கள். கடையில் கூச்சப்பட்டாலும் அவர்களையே படுக்கச் சொல்லுங்கள். இலவம் மெத்தையாக இருந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெயிலில் போட ஆள் வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டிவிடும். எங்களுக்கு எதிர்வீட்டுப் பையன் வருகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். முழங்கால் எப்படி என்று கேட்டேன். "அது கெடக்கு விடு" என்றார் அம்மா. "காலைல பால்காரர் மூணு தடவை கூப்பிட்டிருக்காரு, எனக்குக் கேக்கவே இல்லடி. பக்கத்து வீட்டுல பாலை வாங்கி வச்சாங்க."