40 சிப், 43,700 ரூபாய்: மெமரி சிப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

எனக்கு மெமரி சிப் விற்ற ஷென்சென் இடைத்தரகனிடமிருந்து நேற்று இரவு பதினொன்றரை மணிக்குக் கடைசிப் பதில் வந்தது. "நாங்கள் அனுப்பியது நல்ல சரக்கு. சால்டர் செய்யும்போது நீங்கள்தான் சூட்டில் கெடுத்துவிட்டீர்கள்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அனுப்பிய செய்தி ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. கணக்கையே முடக்கிவிட்டான். தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது, அதனால்தான் விடியும்வரை காத்திராமல் எழுதுகிறேன். போனது 43,700 ரூபாய். அதில் பாதிதான் என் பணம். மீதி என்னை நம்பிக் கொடுத்த மூன்று நண்பர்களுடையது.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் எஸ்என்கே நிறுவனம் 1990-இல் நியோ ஜியோ எம்விஎஸ் என்ற ஆர்கேட் போர்டை, அதாவது கடையில் காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் மெஷினின் போர்டைக் கொண்டுவந்தது. விளையாட்டை மாற்ற முழு போர்டையும் கழற்ற வேண்டாம், விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜ் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதான் அதன் சிறப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் எங்கள் தெருமுனை வீடியோ கேம் கடையில் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97' ஓடியது இந்த வகைப் போர்டில்தான். பக்கத்து மெஷினில் ஓடிய டைனோசர் கேமை எல்லோரும் 'முஸ்தபா' என்போம், ஆனால் அது கேப்காம் நிறுவனத்தின் வேறு போர்டு. அப்படி ஒரு கடை மூடியபோது அதன் முதலாளியிடமிருந்து ஒற்றை ஸ்லாட் எம்விஎஸ் போர்டு ஒன்றையும் நான்கு அசல் கார்ட்ரிட்ஜ்களையும் வாங்கினேன். 'மெட்டல் ஸ்லக்', 'சாமுராய் ஷோடவுன் 2', '97', 'மெட்டல் ஸ்லக் எக்ஸ்'. போர்டிலிருந்த பேட்டரி கசிந்து பக்கத்துத் தடங்களை அரித்திருந்தது. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் ஆயிற்று.

கார்ட்ரிட்ஜ்கள் பழசு. அடிக்கடி கழற்றி மாட்டினால் விளிம்பு தேய்கிறது. அதனால் நான்கையும் ஒரே கார்ட்ரிட்ஜில் போட்டு, மெனுவில் தேர்ந்தெடுக்கும்படி நானே வடிவமைக்கத் தொடங்கினேன். ஒன்றரை வருட உழைப்பு, எல்லாம் வேலை முடிந்து வந்த பிறகு இரவில். எம்விஎஸ் கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு போர்டு உண்டு. ஒன்றில் படங்கள், எழுத்துகள், ஒலிச் செயலிக்கான நிரல். மற்றதில் மெஷினின் முக்கியச் செயலியான 68000-இன் நிரலும் குரல் பதிவுகளும். எல்லாம் 5 வோல்ட் காலத்துப் பொருள், இன்றைய ஃபிளாஷ் சிப்போ (அழித்து மறுபடி எழுதக்கூடிய மெமரி சிப்) 3.3 வோல்ட். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றும் சிப்புகள் வைக்க வேண்டும். மெனுவில் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததும் மெஷின் தானாக ரீசெட் ஆக வேண்டுமே, அதற்கு எத்தனையோ வழி முயன்றேன். கடைசியில் எம்விஎஸ்ஸின் வாட்ச்டாக் என்ற காவல் சுற்றே கைகொடுத்தது. நிரல் 300001 என்ற முகவரியில் விடாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், சுமார் 0.13 நொடி நிறுத்தினால் மெஷின் தன்னையே ரீசெட் செய்துகொள்ளும். மெனுவில் பட்டனை அழுத்தியதும் எழுதுவதை நிறுத்திவிடுவேன், அது எழும்போது புது விளையாட்டில் எழும். அது முதன்முதலாக வேலை செய்த இரவில் வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

இதில் படங்களுக்குத்தான் நிறைய இடம் வேண்டும். '97'-க்கு மட்டும் 40 மெகாபைட், 'மெட்டல் ஸ்லக் எக்ஸ்' 48, மற்ற இரண்டும் 16, 16. மொத்தம் 120. எஸ்29ஜிஎல்-512 என்ற ஃபிளாஷ் சிப் ஒன்று 512 மெகாபிட், அதாவது 64 மெகாபைட். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 128, கச்சிதமாக அடங்கும். குரலுக்கு இன்னொன்று. ஆக ஒரு கார்ட்ரிட்ஜுக்கு மூன்று. நண்பர்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கார்ட்ரிட்ஜ், 36 சிப், கையிருப்புக்கு நான்கு. மொத்தம் 40.

அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் கேட்டேன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை, பல வாரக் காத்திருப்பு. அப்போதுதான் ஒரு பெரிய மொத்த வியாபாரத் தளத்தில் ஷென்சென் நகரத்து சிப் இடைத்தரகன் ஒருவனைப் பார்த்தேன். சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர் என்ற முத்திரை, ஆறு வருடக் கணக்கு, நல்ல மதிப்பீடுகள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. முதலில் மாதிரிக்கு நான்கு சிப், தளத்தின் வழியாகவே. வந்தது, நான்கும் அசல். மூன்றை முதல் மாதிரி போர்டில் வைத்தேன், நான்கு விளையாட்டும் ஓடின. மகிழ்ச்சியில் திரையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில்: "இது 97 தானே? பள்ளி விட்டதும் நான் ஓடுவது இதற்குத்தான். நான் இயோரி. நீங்கள்?" நான் கியோ என்றேன். இருவரும் அந்த விளையாட்டின் வீரர்கள். அவன் ஊரில் இன்னும் ஓடும் ஒரு பழைய மெஷினின் படத்தை அனுப்பினான், அதில் ஒரு பையன் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து நிற்கிறான். அன்று இரவு ஒரு மணி நேரம் இந்த விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சிப்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மறுநாள்தான் சொன்னான்: "தளத்துக்குத் தரகு கொடுப்பது வீண். நேரடியாக வங்கிக்கு அனுப்புங்கள், ஒன்று 640 ரூபாய்க்குத் தருகிறேன். இது வியாபாரம் இல்லை, 97-க்காக."

எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். விலைக்காக நான் விழவில்லை. என்னைப் போலவே அந்த மெஷின் முன்னால் நின்று வளர்ந்த ஒருவன் என்று நம்பினேன். நான் சின்ன வயதிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை எடுத்து அதிலேயே தூண்டில் போட்டிருக்கிறான்.

25,600 ரூபாய் அனுப்பினேன். கணக்கு ஹாங்காங்கில், வேறு ஏதோ பெயரில். கேட்டதற்கு "அது எங்கள் ஏற்றுமதிப் பிரிவு" என்றான். கூரியர், சுங்க வரி, வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 5,900. பொட்டலம் வந்தது. ஒரே ஒரு சிப்பை எடுத்து என் சோதனை போர்டில் வைத்து அடையாள எண்ணைப் படித்தேன். தயாரிப்பாளர் 01, சாதனம் 227ஈ. டேட்டாஷீட்டில் இருப்பதுபோலவே. ஆனால் புது சிப் என்றால் முழுக்க எஃப்எஃப் என்று காலியாக இருக்க வேண்டும், இதில் நடுவே ஏதோ எழுத்துகள். பழைய செட்டாப் பாக்ஸின் பூட் செய்தி மாதிரி இருந்தது. கேட்டேன். "தொழிற்சாலையில் சோதித்த மிச்சம், அழித்துவிட்டு எழுதுங்கள்" என்றான். சரி என்று விட்டேன்.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு செட் போர்டுகளையும் சால்டர் செய்யக் கொடுத்தேன். 12,200 ரூபாய். அவர்களுக்கு வேலை நெருக்கடி, ஐந்து வாரம் ஆயிற்று. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, இன்றுவரை சிப்பின் ஒரு கால்கூட விட்டுப்போகவில்லை.

முதல் கார்ட்ரிட்ஜில் முதலில் 'மெட்டல் ஸ்லக்' எழுதினேன். ஓடியது. 'சாமுராய் ஷோடவுன் 2' எழுதினேன். அதுவும் ஓடியது. நண்பர்களுக்கு வீடியோ அனுப்பிவிட்டுப் படுத்தேன். மறுநாள் '97'-ஐ எழுதினால் சரிபார்ப்பு முதல் முகவரியிலேயே தோற்கிறது. சால்டர் பிழையோ என்று, நிறுத்தாமல் தொடர்ந்து எழுதவிட்டேன். பிறகு மெஷினை ஏற்றிப் பார்த்தால், முந்தின இரவு சுத்தமாக ஓடிய 'மெட்டல் ஸ்லக்'கில் நாயகன் மார்கோவின் உடம்பு முழுக்கக் கிழிந்த துண்டுகளாக வேறு படங்கள். உற்றுப் பார்த்தேன். அவை '97'-இன் படங்கள். ஒன்றின் மேல் ஒன்று அச்சானதுபோல.

அப்போதே வயிற்றைப் பிசைந்தது. 32 மெகாபைட் தாண்டியதும் எழுதுவது மறுபடி ஆரம்பத்துக்கே போய் விழுகிறது என்று அர்த்தம். இந்த வகை ஃபிளாஷில் அழிக்காமல் எழுதினால் 1-ஐ 0 ஆக்கலாமே தவிர 0-வை 1 ஆக்க முடியாது, அதனால்தான் இரண்டு படமும் கலந்து கிடக்கிறது. இரண்டு சிப்பும் சேர்ந்தே 32 என்றால், ஒரு சிப்பில் இருப்பது 16 மெகாபைட்தான், 64 இல்லை. உடனே சிப் தன் விவரத்தைத் தானே சொல்லும் சிஎஃப்ஐ அட்டவணையைப் படித்தேன். ஹெக்ஸில் 27-ஆம் இடத்தில் கொள்ளளவு இருக்கும். 512-க்கு அங்கே 1ஏ வர வேண்டும். எனக்கு வந்தது 18. அது 128 மெகாபிட் சிப். அந்த வரிசையில் 128, 256, 512 எல்லாவற்றுக்கும் முதல் சாதன எண் 227ஈ-தான், வித்தியாசம் 0ஈ என்ற முகவரியில் மட்டும்தான் தெரியும். 512 என்றால் 2223, 128 என்றால் 2221. என் சோதனை அங்கே போகவே இல்லை. கால்களின் எண்ணிக்கையும் 56, உறையும் ஒன்றே, கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது.

கையிருப்பில் இருந்த ஒன்றை எடுத்து, பட்ஸில் அசிட்டோன் தொட்டு மேல்பக்கம் தேய்த்தேன். பத்துப் பதினைந்து தேய்ப்பில் பட்ஸ் கறுத்தது. பெயிண்ட்! 512 என்ற எழுத்து அந்தப் பெயிண்டோடு வழிந்து வந்தது. அடியில் ஒரே திசையில் உப்புத்தாள் போட்ட கீறல்கள். முதல் காலைக் காட்டும் குழிகூட அடைபட்டிருந்தது. கால்களை லென்ஸில் பார்த்தால் ஓரத்தில் பழைய ஈயம். குப்பைக்குப் போன செட்டாப் பாக்ஸ்களிலிருந்து பிடுங்கி, சுரண்டி, பெயிண்ட் அடித்து, புது எண்ணை அச்சடித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "உங்கள் புரோகிராமர் அமைப்பு தவறு" என்றான். சிஎஃப்ஐ எண்ணை அனுப்பினேன். "வீடியோ வேண்டும்." அனுப்பினேன். "முகம் தெரியும்படி, பொட்டலத்தோடு சேர்த்து வேண்டும்." அதையும் அனுப்பினேன். "முதலாளி விடுமுறையில் இருக்கிறார்." எட்டு நாள். "40 சிப்பையும் திருப்பி அனுப்புங்கள், பயன்படுத்தாமல், உறை பிரிக்காமல் இருக்க வேண்டும், கூரியர் செலவு உங்களுடையது." 36 சிப் போர்டில் ஒட்டிக்கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்! கடைசியில் அந்தச் சூட்டுக் கதை. சூட்டில் சிப் செத்துப்போகலாம், 512 உருகி 128 ஆகுமா?

தளத்துக்கு எழுதினேன். "உங்கள் பதிவில் நான்கு சிப்புக்கான ஆர்டர் மட்டுமே உள்ளது, அதுவும் திருப்தியுடன் முடிந்துவிட்டது. வெளியே நடந்த பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல." மறுபடி எழுதினேன், அதே வாசகம் திரும்ப வந்தது. மூன்றாவது முறை புகாரையே மூடிவிட்டார்கள். அவனுடைய சரிபார்ப்பு முத்திரை இப்போதும் அப்படியே இருக்கிறது. வங்கியில் கேட்டால், பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, பெற்றவர் சம்மதித்தால்தான் திரும்பும் என்கிறார்கள். 25,600 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் யார் சம்மதிப்பார்கள்?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது தெம்பில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மாதிரி நன்றாக இருந்தால் மொத்தச் சரக்கும் நன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள், மாதிரியை நல்லதாக அனுப்புவதுதான் அவர்கள் வழக்கம். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், விற்பவர் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சால்டருக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு சிப்பையும் சோதியுங்கள், ஒன்றை அல்ல, ஒவ்வொன்றையும். சிஎஃப்ஐயின் 27-ஆம் இடத்தைப் படியுங்கள், முழுக்க அழித்துவிட்டுக் கடைசி முகவரியில் ஏதாவது எழுதி, அது கால்வாசி, பாதி முடியும் இடங்களிலும் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் சிப் சொன்ன அளவைவிடச் சிறியது. புது சிப்பில் பழைய எழுத்து இருந்தால் அது புது சிப் இல்லை. அசிட்டோன் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரிச் சரக்கு கையில் இருப்பவர்கள் இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள், புகார் செய்ய உங்களுக்கு நாள் மிச்சம் இருக்கலாம். நான் காலையில் மூன்று நண்பர்களையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் பங்கைத் தவணையிலாவது திருப்பிக் கொடுத்துவிடுவேன். மேஜையில் பன்னிரண்டு செட் போர்டு வரிசையாக இருக்கிறது, ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாக 36 சிப் கழற்ற வேண்டும், சூட்டுக் காற்றில் தடம் பெயராமல்.