கால் எங்கே, அடி எங்கே?

உடம்பில் அண்டை வீட்டுக்காரர்கள்தான். பிழைப்பு மட்டும் வேறு வேறு. கால் சுமை தாங்கும்: நாற்காலி, முக்காலி, பந்தக்கால். நான்கில் ஒரு பங்கும் அதுவே. காய்கறிக் கடையில் ‘கால் கிலோ கத்தரிக்காய்’ என்றால் 250 கிராம் தராசில் விழுகிறது, யாரும் குழம்புவதில்லை.

அடிக்கு அளவும் மரியாதையும் சொந்தம். 12 அங்குலம் ஓர் அடி, வெண்பாவுக்கு ஈற்றடி, மரத்துக்கு அடிமரம். திருக்குறளின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள்: இறைவனுக்கு அடி உண்டு, தாள் உண்டு, கால் கிடையாது. பக்தி என்று வந்துவிட்டால் காலுக்கு மதிப்புக் குறைவுதான், பாவம்.

கெஞ்சும்போது கதை மாறும். காரியம் ஆக வேண்டுமென்றால் காலைப் பிடிப்பார்கள். அடி பிடிப்பது அடுப்பில் மறந்த பால்.