கண்ணில் படாத கேமரா ராத்திரியில் எதைப் பார்த்தது? மூன்று வருட அனுபவம்

திருச்சியில் எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்கப்பால் காலி மனைகளும் கருவேல மரங்களும்தான். மூன்று வருடத்துக்கு முன்பு கேமரா வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "வர்றவங்க நிமிர்ந்து பாத்தா கேமரா முகத்துல முழிக்கக் கூடாது. வீடு வீடா இருக்கணும்." எனக்கும் அது சரியாகவே பட்டது. துருத்திக்கொண்டு நிற்கும் கேமராவை ஒரு கம்பால் தட்டி வேறு பக்கம் திருப்பிவிடுவது பெரிய வேலையே இல்லை. அதனால் சின்னதாக, கண்ணில் படாததாகத் தேடி வாங்கினேன்.

முதலில் செய்தது, முன் அறை ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம், திரைச்சீலை ஓரமாக ஒரு குட்டி வைஃபை கேமரா. சுவரில் ஓட்டை போட வேண்டாம், மழையில் நனையாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. பகலில் கேட்டுக்கு வெளியே போகிற பால்காரர் வரை துல்லியமாகத் தெரிந்தார். இருட்டியதும் திரை முழுக்க வெள்ளைப் புகை. இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவிலேயே இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்கின் (நம் கண்ணுக்கு அனேகமாகத் தெரியாத வெளிச்சம்) ஒளி ஜன்னல் கண்ணாடியில் பட்டு அதன் கண்ணுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த விளக்கை அணைத்துவிட்டுத் தெருவிளக்கை மட்டும் நம்பிப் பார்த்தேன். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, மணலைக் கொட்டியது போல இருந்தது. தெருவிளக்கு எரியாத நாட்களில் அதுவும் கிடையாது.

சென்சாரும் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) லென்ஸும் பெரிதாக இருந்தால்தான் இருட்டில் வேலை நடக்கும். லென்ஸின் எஃப் எண் குறையக் குறைய அதன் வாய் அகலம் என்று அர்த்தம். எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கடிகாரத்துக்குள்ளும் சார்ஜருக்குள்ளும் ஒளித்து விற்கிற கேமராக்களில் லென்ஸ் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அட்டையில் எத்தனை மெகாபிக்சல் போட்டிருந்தாலும் ராத்திரியில் அவற்றை நம்பக் கூடாது. சின்ன சென்சாரில் மெகாபிக்சல் கூடக்கூட, ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கிற வெளிச்சம் குறைந்துகொண்டேதான் போகும்.

இரண்டாவது, வெளியே சன்ஷேடுக்கு அடியில், பதினோரு அடி உயரத்தில் ஒன்று. நிழலில் ஒதுங்கி இருந்ததால் பகலில் யாரும் கவனிக்கவில்லை. ராத்திரியில் இரண்டு சிக்கல். சன்ஷேடின் வெள்ளைச் சுண்ணாம்பில் இன்ஃப்ராரெட் பட்டுப் பளீரென்று அடித்தது. கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள, கேட் பக்கம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. இன்னொன்றை எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "தம்பி, ராத்திரி உங்க வீட்டுல செவப்புப் புள்ளி எரியுதே, அது எங்க வாசலைப் பாக்குதா?" 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள இன்ஃப்ராரெட் விளக்கு அப்படித்தான் மங்கலான சிவப்பாகத் தெரியும். அவரைக் கூப்பிட்டுப் போனில் படத்தைக் காட்டி, அவர் வாசல் வருகிற பகுதியை அவர் முன்னாலேயே கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தேன். அதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் 940 நானோமீட்டர் விளக்குள்ள கேமராவை அதே இடத்தில் மாட்டினேன். சிவப்புப் புள்ளி போய்விட்டது. ஆனால் அந்த அலைநீளத்தை சென்சார் குறைவாகவே உணரும். ஏழு மீட்டரில் இருக்கிற கேட் வரை சுமாராகத் தெரிந்தது, அதைத் தாண்டி ஒன்றுமில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் விடியற்காலை இரண்டே முக்காலுக்கு மகளின் சைக்கிள் போர்ட்டிகோவிலிருந்து போனது. ஆள் வந்ததும் போனதும் பதிவாகியிருந்தது. ஆனால் கிடைத்ததெல்லாம் தொப்பியின் மேல்பக்கமும் ஒரு தோளும்தான். ஒரு நொடி நிமிர்கிறான், அந்த இடத்தில் முகம் இழுபட்ட வெள்ளைப் பட்டையாக இருக்கிறது. இருட்டில் கேமரா வெளிச்சம் சேர்க்க, ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு நேரம் வரை திறந்து வைத்திருக்கும். சாதாரணமாக நடக்கிறவரே அந்த நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அந்தப் பதிவை எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று கணக்கில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் பெருசாக்குங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரிதாக்க அதில் எதுவும் இல்லை.

அதன் பிறகு பாதி மறைவு போதும் என்று முடிவு செய்தேன். இப்போது இருப்பது, மின் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஏழரை அடி உயரத்தில், சுவர் நிறத்திலேயே ஒரு சின்ன உருண்டைக் கேமரா. கேட்டைத் திறந்து வருகிறவரின் முகம் நேராக விழுகிற உயரம் அது. எட்டிப் பிடிக்க முடியும் என்பது குறைதான். அதனால் பதிவு கேமராவிலுள்ள மெமரி கார்டோடு நிற்காமல், வீட்டுக்குள் பரண் மேல் இருக்கும் ரெக்கார்டரிலும் சேருகிறது.

கேமராவைவிட அதிகம் உதவியது கேட் தூணில் போட்ட 9 வாட் எல்இடி பல்புதான். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாத பில்லில் ஆறரை யூனிட்தான். அந்த வெளிச்சத்தில் கேமரா கறுப்பு வெள்ளைக்கு மாறாமல் கலரிலேயே ஓடுகிறது. சட்டை நீலமா பச்சையா என்று சொல்ல முடிகிறது. ஷட்டரை நானே வேகப்படுத்தி வைத்திருக்கிறேன், நடக்கிற ஆளின் முகம் இழுபடுவதில்லை.

வயரிங்தான் உண்மையில் கஷ்டப்படுத்தியது. இரும்புக் கிரில்லும் கான்கிரீட்டும் தாண்டி வைஃபை நிலையாக நிற்கவில்லை. கடைசியில் பழைய ஏசி பைப் ஓட்டை வழியாக நெட்வொர்க் கேபிளை வெளியே எடுத்தோம், மின்சாரமும் அதே கேபிளில் போகிறது. எலக்ட்ரீஷியன் அண்ணன் கேமராவுக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுத்தான் மேலே ஏற்றினார். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. ரூட்டரையும் ரெக்கார்டரையும் இன்வெர்ட்டரில் சேர்த்திருக்கிறோம். கரண்ட் போனால் தூண் பல்பும் போய்விடுகிறது, அப்போது இன்ஃப்ராரெட்டுக்கு மாறும். அடுத்து அந்த பல்பையும் இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டும்.

பராமரிப்பு என்றால் ஒட்டடைதான். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், ஒரே ஒரு இழை லென்ஸ் முன்னால் ஆடினால் ராத்திரி முழுக்க எச்சரிக்கை மணி. பல்பு கேமராவை விட்டுத் தள்ளி இருப்பதால் இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது. வாரம் ஒரு தடவை மெல்லிய துணியால் துடைக்கிறேன்.

முன்பக்கத்திலிருந்து கழற்றிய அந்த 940 கேமராதான் இப்போது கொல்லைப்புறத்தில் உயரத்தில் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது அதையும் கீழே இறக்கப் போகிறேன். ஆனால் இந்த முறை உடனே ட்ரில் போடப் போவதில்லை. கேமராவை ஏணியில் கட்டி இரண்டு ராத்திரி பதிவு எடுத்துப் பார்க்க வேண்டும். கொல்லைக் கதவு வழியாக நடந்து வந்து காட்டுவது தன் வேலை என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.