பிஎம்இ280 என்று வாங்கினேன், பெட்டியில் வந்தது பிஎம்பி280

சிப்பிக் காளான் குடிலில் ஈரப்பதம் பார்க்கத்தான் பிஎம்இ280 மாட்யூலை (ஈரப்பதம், வெப்பநிலை, காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும் சென்சார் சிப் வைத்த சின்னப் பலகை) ஆன்லைனில் வாங்கினேன். காற்று வறண்டால் மொட்டு சுருங்கிக் கருகிவிடும், அதனால் வெப்பநிலையும் காற்றழுத்தமும் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

பின்கள் தனியாக வந்தன. சால்டர் செய்யாமல் துளையில் செருகி, சென்சாரைப் படிக்கும் ஈஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டில் எஸ்டிஏ (டேட்டா) பின்னை 21க்கும் எஸ்சிஎல் (க்ளாக்) பின்னை 22க்கும் கொடுத்து, இணைத்த சிப்பின் முகவரியைத் தேடிக் காட்டும் ஐ2சி ஸ்கேனர் புரோகிராமை ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. மாட்யூலின் ஓரத்தை விரலால் அழுத்தினால் முகவரி 76 என்று காட்டுகிறது, விரலை எடுத்தால் காணோம். சரி, பின் ஒட்டவில்லை என்று புரிந்து சால்டர் செய்தேன், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 76 வந்தது.

ஆனாலும் அளவைப் படிக்கும் புரோகிராம் சென்சார் இல்லை என்றே சொன்னது. அதில் நான் போட்ட அடாஃப்ரூட் லைப்ரரி (சென்சாரைப் படிக்கும் ஆயத்த கோடு), நாம் முகவரி சொல்லாவிட்டால் 77இல்தான் தேடும், இந்த மாதிரி மலிவு மாட்யூல்கள் பெரும்பாலும் 76இல் இருக்கும் (இரண்டுமே ஹெக்ஸ் எண்கள், அப்படியே டெசிமலாகப் போட்டுவிடாதீர்கள்). முகவரியை மாற்றியும் அதே பதில். வயரை மாற்றினேன், போர்டை மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் சிப்பின் ஐடி எண் பதிந்திருக்கும் டி0 ரெஜிஸ்டரைப் படித்துப் பார்த்தால் 58 (இதுவும் ஹெக்ஸ்தான்). பிஎம்இ280 என்றால் அங்கே 60 இருக்க வேண்டும். 58 என்பது பிஎம்பி280, அதில் ஈரப்பதம் அளக்கும் பகுதியே கிடையாது.

விற்றவரிடம் கேட்டால், சால்டர் செய்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார். சால்டர் செய்யாமல் ஐடியை ஒழுங்காகப் படிக்க முடியாதே, அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? இது நியாயமே இல்லை.

வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் சிப்பின் உலோக மூடியைப் பாருங்கள். பிஎம்இ280 இரண்டு பக்கமும் 2.5 மில்லிமீட்டர், சரியான சதுரம். பிஎம்பி280 2க்கு 2.5, கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். பலகையில் அச்சிட்டிருக்கும் பெயரை நம்பாதீர்கள், ஒரே பலகையில் இரண்டு சிப்பையும் வைத்து விற்கிறார்கள்.

இந்த விற்பனையாளருக்கு ஒரு நட்சத்திரம். அடுத்ததை வேறு கடையில், நேரில் போய், மூடி சதுரமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். விலை கூடுதல். ஐடி 60. குடிலில் இப்போது 84 சதவீதம் காட்டுகிறது.