ஆண்ட்ராய்டு கோப்புறையைத் திறக்காத வரை ஃப்ளட்டர் அருமை

மொத்த மளிகை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், சில்லறைக் கடைக்காரர்கள் ஆர்டர் போடுவதற்கு ஒரு செயலி வேண்டும், ஃப்ளட்டரில் (ஒரே நிரலிலிருந்து ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி தரும் கூகுளின் கருவி) செய்யலாமா என்று கேட்டிருந்தார். "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினேன். "இத்தனை வருடமாக உங்களுக்குச் சோறு போடுவதே அதுதானே?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் கேட்ட நேரம் அப்படி. யாரும் ஒரு வரிகூட மாற்றாத பழைய செயலி ஒன்றை மறுபடி பில்ட் செய்து (நிரலை நிறுவத்தக்க செயலியாக மாற்றி) பிளே ஸ்டோருக்கு அனுப்ப முடியாமல் அப்போதுதான் மல்லுக்கட்டி முடித்திருந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுவதால், இதைப் படிப்பவர்கள் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளட்டர் நிரலை எழுதும் டார்ட் மொழியால் என் நேரம் வீணானதே இல்லை. 2021இல் ஃப்ளட்டர் 2 வந்து நல் சேஃப்டி (வெற்று மதிப்பால் செயலி நொறுங்காதபடி முன்கூட்டியே தடுக்கும் முறை) பரவியபோது எல்லோரும் பயமுறுத்தினார்கள். 2023இல் டார்ட் 3 வந்து பழைய முறையை அடியோடு நிறுத்தியபோதும் அதே பயம்தான். இரண்டையும் சிரமமில்லாமல் தாண்டியாயிற்று. கருவியே எது எங்கே மாற வேண்டும் என்று வரி எண்ணோடு சொன்னது. பாதியைத் தானே திருத்தியும் கொடுத்தது. ஹாட் ரீலோட் (நிரலை மாற்றியதும் ஓடும் செயலியிலேயே உடனே தெரிவது) பற்றித் தனியாகப் புகழ வேண்டியதில்லை. பழகியவர்களை வேறு எதற்கும் லாயக்கில்லாமல் செய்துவிடும் வசதி அது.

பிரச்சினை டார்ட் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. புதுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியதும் ஃப்ளட்டர் உங்களுக்கு ‘ஆண்ட்ராய்டு’, ‘ஐஓஎஸ்’ உள்ளிட்ட கோப்புறைகளை உருவாக்கித் தருகிறது. தந்ததோடு சரி. அதன் பிறகு நீங்கள் ஃப்ளட்டரை எத்தனை முறை மேம்படுத்தினாலும் அந்த இரண்டு கோப்புறைகளும் பெரும்பாலும் பிறந்த தேதியிலேயே நிற்கும். சுவருக்கு வருடா வருடம் வர்ணம் அடிக்கிறோம், உள்ளே ஓடுகிற ஒயரிங் வீடு கட்டிய காலத்தது என்பது போன்ற நிலைமை. ஒரு நாள் விளக்கு அணையும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.

விளக்கு எப்படி அணைகிறது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். 2024இல் வந்த ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் (ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் மென்பொருள்) லேடிபக் பதிப்பு, தன்னுடன் ஜாவா 21ஐக் கொண்டுவந்தது. ஸ்டூடியோவைப் புதுப்பித்தால் அதனுள் இருக்கும் ஜாவாவும் மாறும். ஃப்ளட்டர் பில்ட் செய்ய எடுப்பதும் அந்த ஜாவாவைத்தான். பழைய திட்டத்தில் ஆண்ட்ராய்டு பில்ட்டை நடத்தும் கருவியான கிரேடில் 7 இருந்தால் உடனே ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65’ என்று ஒரு சிவப்பு வரி வரும். 65 என்பது ஜாவா 21க்கான குறியீடு. 61 என்றால் ஜாவா 17. இது தெரிந்தவருக்கு அந்த வரியே விடை. தெரியாதவருக்கோ அது குறி சொல்பவரின் பேச்சு. ஜாவா 21இல் இயங்க கிரேடில் 8.5 ஆவது வேண்டும். சரி என்று கிரேடிலை உயர்த்தினால் அதனோடு ஜோடி சேரும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் என்ற துணைக் கருவியையும் 8க்கு உயர்த்த வேண்டியிருக்கும். அதை உயர்த்தினால் ஒவ்வொரு மாட்யூலும் (திட்டத்தின் உட்பகுதி) தன் ‘நேம்ஸ்பேஸ்’ (அடையாளப் பெயர்) எது என்று பில்ட் கோப்பில் எழுதியிருக்க வேண்டும் என்று அது அடம்பிடிக்கும். உங்கள் மாட்யூலில் எழுதிவிடலாம். நீங்கள் சேர்த்திருக்கும் மூன்றாம் நபர் பிளகினில் (பிறர் எழுதிய கூடுதல் தொகுப்பு) யார் எழுதுவது?

அதை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் பராமரிக்கும் செயலியில் பார்கோடு படிக்கும் பிளகின் ஒன்று இப்படித்தான் அநாதையாகக் கிடந்தது. அதன் மூல நிரலைப் பிரதியெடுத்து, பில்ட் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து, திட்டம் சார்ந்திருக்கும் தொகுப்புகளைப் பட்டியலிடும் பப்ஸ்பெக் கோப்பில் ‘டிபென்டென்சி ஓவர்ரைட்ஸ்’ பகுதியில் அந்தப் பிரதியைச் சுட்டிக்காட்டினேன். பில்ட் ஓடியது. ஒரு வரிக்கு ஒரு முழு நாள். வாடிக்கையாளருக்குப் பில் போடும்போது இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்தச் சங்கிலியில் இறங்காமல் தப்பிக்கவும் வழி உண்டு. ஃப்ளட்டர் கான்ஃபிக் கட்டளையில் ‘ஜேடிகே டிர்’ என்ற தேர்வைக் கொடுத்து ஜாவா 17 இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால், கிரேடில் 7.3 அல்லது அதற்கு மேல் உள்ள பழைய திட்டம் தன் பாட்டுக்கு ஓடும். ஜாவா இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லும் ஜாவா ஹோம் மாறியை மாற்றிப் பார்த்துப் பலர் ஏமாந்துபோவதைக் கண்டிருக்கிறேன். ஃப்ளட்டர் முதலில் ஸ்டூடியோவின் ஜாவாவைத் தேடும். அது இல்லாவிட்டால்தான் ஜாவா ஹோமுக்கு வரும். எந்த ஜாவா ஓடுகிறது என்பதை ‘ஃப்ளட்டர் டாக்டர்’ என்ற சோதனைக் கட்டளையை விரிவாகப் பேசவிட்டால் பாதையோடு காட்டிவிடும். பழைய பில்ட் கோப்புகளை அழிக்கும் ‘ஃப்ளட்டர் கிளீன்’ என்பது இந்த நோய்க்கு மருந்தல்ல. எல்லாவற்றுக்கும் முதல் பதிலாக அதைப் பரிந்துரைப்பவர்கள் தலைவலிக்குத் தலையைக் கழுவச் சொல்கிறார்கள்.

அப்படியே பழையதிலேயே இருந்துவிட்டால் என்ன? இருக்க விடமாட்டார்கள். பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31ஐ ஒட்டி, செயலி குறிவைக்க வேண்டிய ஆண்ட்ராய்டு ஏபிஐ அளவை (ஆண்ட்ராய்டு பதிப்புக்கான எண்) ஒரு படி ஏற்றுகிறது. 2023இல் 33, 2024இல் 34, 2025இல் 35. அதற்குக் கீழே இருந்தால் புதுப்பிப்பை ஏற்க மாட்டார்கள். புதிய எஸ்டிகேவைப் (ஆண்ட்ராய்டின் மேம்பாட்டுத் தொகுப்பு) பழைய பில்ட் கருவிகள் படிக்கத் திணறும். ஆகவே ஜாவா 17இல் ஒளிந்துகொண்டவரும் ஆகஸ்ட் வந்தால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். இதோடு 2025 நவம்பர் 1 முதல் 16 கேபி நினைவகப் பக்க விதி (நினைவகத்தை 16 கேபி துண்டுகளாகக் கையாளும் சாதனங்களிலும் செயலி ஓட வேண்டும்) வேறு. ஃப்ளட்டரின் சொந்த எஞ்சின் அதற்குத் தயார். நேட்டிவ் நூலகத்தை (சி++ போன்ற மொழியில் எழுதிய பகுதி) உள்ளே சுமந்துவரும் பிளகின்கள்தாம் மறுபடியும் கையை விரிக்கும்.

எனக்குக் கைகொடுக்கும் ஒரே வழி இதுதான்: தற்போதைய ஃப்ளட்டர் பதிப்பில் அதே பெயரில் ஒரு வெற்றுத் திட்டத்தை உருவாக்கி, அதன் ஆண்ட்ராய்டு கோப்புறையையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்ப்பது. 2023 இறுதியில் வந்த 3.16 முதல் ஃப்ளட்டரின் கிரேடில் பிளகினை ‘பிளகின்ஸ்’ பகுதியில் அறிவிக்கும் முறை வந்தது. பழைய திட்டங்களில் ஸ்கிரிப்டை இழுத்து ஒட்டும் முறை இருக்கும். பிழைச் செய்தியைத் துரத்துவதைவிட இந்த ஒப்பீடு வேகமானது. இதைக் கருவியே ஏன் செய்து தரக் கூடாது என்பதுதான் என் தீராத எரிச்சல். டார்ட் நிரலைத் தானே திருத்தத் தெரிந்த கருவிக்குத் தானே பெற்றெடுத்த கோப்புறையைக் கவனிக்கத் தெரியவில்லை.

நியாயமாகப் பேசினால், இவற்றில் பாதி ஃப்ளட்டரின் குற்றமல்ல. ஆண்ட்ராய்டுக்கான கோட்லின் மொழியில் நேரடியாக எழுதுபவரும் இதே கிரேடிலோடுதான் குடும்பம் நடத்துகிறார். ஆனால் அவருக்கு அது தினசரிப் பழக்கம். எங்களுக்கோ ஆண்டுக்கு ஒரு முறை வரும் விருந்தாளி. வந்தால் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுத்தான் போகும்.

செயலி யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்ப விஷயத்துக்கு வருகிறேன். நான் கோபப்படத் தயாராகப் போய், மகிழ்ச்சியோடு திரும்பிய ஒரே இடம் இது. வேறொரு நிறுவனம் செய்துகொடுத்த செயலி ஒன்று என்னிடம் பராமரிப்புக்கு வந்தது. மூல நிரல் ஜிப் கோப்பாக வந்தது, கீஸ்டோர் (கையொப்பச் சாவி இருக்கும் கோப்பு) வரவில்லை. கேட்டால் அதைச் செய்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். பழைய காலமாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்: புதுப் பேக்கேஜ் பெயரில் புதுச் செயலி, பதிவிறக்கங்களும் விமர்சனங்களும் பூச்சியத்திலிருந்து. நல்லவேளை, 2021 ஆகஸ்டிலிருந்து புதுச் செயலிகள் ஆப் பண்டில் என்ற கோப்பு வடிவில்தான் போக வேண்டும். அப்படிப் போனால் மக்கள் கைக்குச் சேரும் செயலியில் கையொப்பமிடும் சாவி கூகுளிடம் இருக்கும். நம்மிடம் இருப்பது ஏற்றுவதற்கான சாவி மட்டுமே. அது தொலைந்தால் மாற்றிக்கொள்ளலாம். கீடூல் என்ற கருவியில் புதுக் கீஸ்டோர் செய்து, அதன் சான்றிதழை பெம் கோப்பாக எடுத்து, கணக்கின் உரிமையாளரை விட்டுப் பிளே கன்சோலில் (செயலிகளை நிர்வகிக்கும் கூகுள் தளம்) விண்ணப்பிக்கச் சொன்னேன். சில நாளில் புதுச் சாவி நடப்புக்கு வந்தது. யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இதே ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கூகுள் உள்நுழைவு உங்கள் மேசையில் வேலை செய்யும். ரிலீஸ் பில்ட்டிலும் வேலை செய்யும். பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் மட்டும் பிழை எண் 10 என்று நின்றுவிடும். காரணம், கடையிலிருந்து வருவது உங்கள் சாவியால் கையொப்பமிடப்பட்டதல்ல. டீபக் சாவி (சோதனைக்கானது), ஏற்றும் சாவி, கூகுளிடம் உள்ள சாவி என மூன்று கைரேகைகள் இருக்கின்றன. மூன்றாவதன் ஷா-1 கைரேகையைக் கன்சோலிலிருந்து பிரதியெடுத்து கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் சேர்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை, காரணம் தெரிந்திருந்தால்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. ஃப்ளட்டர் தரும் ஆரம்பத் திட்டத்தில் இணைய அனுமதி டீபக், புரொஃபைல் என்ற சோதனைப் பில்ட்களின் மேனிஃபெஸ்டுகளில் (அனுமதிகளை அறிவிக்கும் கோப்புகள்) மட்டும் இருக்கும். பிரதான மேனிஃபெஸ்டில் இருக்காது. நாமே சேர்க்காவிட்டால் ரிலீஸ் பில்ட் ஊமையாக உட்கார்ந்திருக்கும், எந்தப் படமும் வராது, எந்தத் தகவலும் இறங்காது. அதே ஆரம்பத் திட்டம் ரிலீஸுக்கும் டீபக் சாவியாலேயே கையொப்பமிடும். அதைத் தூக்கிக்கொண்டு பிளே ஸ்டோருக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐபோன் பக்கம் சுருக்கமாக: ஒரு மேக் கணினி வேண்டும், ஆண்டுக்கு 99 டாலர் வேண்டும், பொறுமை வேண்டும். தானியங்கிக் கையொப்பத்தை ஆப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோடிடமே விட்டுவிட்டால் அது முன்பைப் போல் படுத்துவதில்லை. ஆனால் ஏற்றியதும் வெற்றி என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து மின்னஞ்சலில் மறுக்கும் பழக்கம் அங்கே உண்டு. அனுமதிகளைக் கையாளும் பிளகின் ஒன்றைச் சேர்த்திருந்தால், செயலி படத்தொகுப்பைத் தொடாவிட்டாலும், எதற்காகத் தொடுகிறாய் என்ற விளக்க வாக்கியம் இன்ஃபோ பிலிஸ்ட் என்ற விவரக் கோப்பில் இல்லை என்று கடிதம் வரும். ஐஓஎஸ் நூலகங்களைச் சேர்த்துத் தரும் கோக்கோபாட்ஸின் மையப் பதிவேடு 2026 டிசம்பர் 2 முதல் புதியவற்றை ஏற்காது என்று அறிவித்துவிட்டார்கள். ஃப்ளட்டர் அதற்குப் பதிலாக ஆப்பிளின் ஸ்விஃப்ட் பேக்கேஜ் மேனேஜருக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குரிய கோபத்தை இப்போதே செலவழிக்க விருப்பமில்லை.

எழுதுவதற்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து. எழுதியதைச் செயலிக் கடைக்கு அனுப்புவதற்கு இரண்டு. அதிலும் ஒன்று அந்தச் சாவி மாற்றத்துக்காக. கூட்டிக் கழித்து நண்பருக்குச் சொல்லும் பதில் இன்னும் "வேண்டாம்" தான். நானோ நேற்று வந்த புது வேலையையும் ஃப்ளட்டரிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதில் முரண் இருக்கிறது என்று அவர் சொன்னால் மறுக்க மாட்டேன். வருடா வருடம் ஆகஸ்டில் கிரேடிலோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. அவருக்கு அரிசி மூட்டைகளை எண்ணும் வேலை இருக்கிறது.

அப்படியும் நண்பர் செய்தே தீருவேன் என்றால், யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் டெவலப்பர் கணக்கைத் தன் நிறுவனத்தின் பெயரில் தானே திறக்கட்டும். டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கான அடையாள எண்) வாங்க வேண்டியிருக்கும், வாங்கிவிடட்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால் 12 பேரைப் பிடித்து 14 நாள் சோதனை நடத்தியாக வேண்டும். நிறுவனக் கணக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. கீஸ்டோர் கோப்பும் அதன் கடவுச்சொல்லும் முதல் தவணைப் பணத்தோடு கைமாறட்டும், கடைசித் தவணையோடு அல்ல.